மின்னஞ்சலுக்கு ஓர் அச்சு



வணிகர் ஒருவர் தம் சரக்கைப் பற்றி ஆயிரம் பேருக்கு எழுத வேண்டுமாயின், ஒவ்வொருவருக்கும் தனித்தனியே மடல் வரைந்துகொண்டிருக்க இயலுமோ? ஆதலின் ஒரே மடலை அமைத்து, பெயர் முதலியவற்றுக்கு மட்டும் இடம் விட்டுவைக்கிறார். கணிப்பொறி அவ்விடங்களை நிரப்பி, மின்னஞ்சலாக அனுப்புகிறது. இந்த மூலப் படிவமே வார்ப்புரு எனப்படும். செங்கல் அறுப்பவனுக்கு அச்சு எப்படியோ, மின்னஞ்சல் விடுப்பவருக்கு வார்ப்புரு அப்படி. அச்சு கோணினால் அறுத்த கல் அத்தனையும் கோணும் அன்றோ?

வார்ப்புருவை எழுதும் மொழி எச்.டி.எம்.எல். ஆகும். டிம் பெர்னர்ஸ்-லீ என்னும் ஆங்கில அறிஞர் இணையப் பக்கங்களுக்காக வகுத்த மொழி அது. ஆயத்த வார்ப்புருக்கள் பல கிடைப்பினும், தமக்கென்றே தனியாக ஒன்றை எழுதிக்கொள்வோர் உளர். தம் நிறமும் தம் முத்திரையும் விளங்கவேண்டும் என்னும் விருப்பம் இயல்பானதே. ஆயினும், மடலைத் திறந்து காட்டும் மென்பொருள்கள் யாவும் ஒரு தன்மையன அல்ல என்பதை அவர்கள் மறத்தல் ஆகாது. விண்டோஸ் கணிப்பொறிக்குரிய அவுட்லுக், 2007ஆம் ஆண்டுப் பதிப்பில், வேர்டு மென்பொருளின் வழியே மடலைக் காட்டத் தொடங்கியது. இணையப் பக்கத்தில் ஒழுங்காக நின்ற அமைப்புகள் பல அங்கே குலைந்தன. அதனால் வல்லுநர்கள் பழைய அட்டவணை முறையிலேயே பத்திகளை அடுக்கலாயினர். ஜிமெயிலோ, 102 கிலோபைட்டுக்கு மேல் நீளும் மடலின் எஞ்சிய பகுதியை மறைத்துவிடும். ஆதலின் அளவும் எளிமையும் வேண்டும்.

சிலர் அழகை விரும்பி, மடல் முழுவதையும் ஒரே படமாக ஆக்கிவிடுகின்றனர். பாதி விலைக்கு நூல் தருவதாக ஒரு பதிப்பகம் அவ்வாறு அறிவிக்கிறது என்று கொள்வோம். பார்வையற்ற மாணவர் ஒருவர், திரையில் உள்ள எழுத்தைப் படித்துச் சொல்லும் மென்பொருளின் துணையால் அதைத் திறக்கிறார். படத்துள் அடைபட்ட சொற்கள் அவர் செவிக்கு எட்டாமற் போகலாம். நூல் வேண்டியவர் அவர். செய்தி சேராதவரும் அவரே! எழுத்தை எழுத்தாகவே வைத்து, படத்திற்கு விளக்கச் சொல் சேர்த்தால் இக்குறை நீங்கும். அலங்கார வடிவத்தோடு வெறும் எழுத்து வடிவத்தையும் ஒரே மடலில் அனுப்ப, 1992ஆம் ஆண்டில் வெளியான மைம் என்னும் நெறிமுறை வழி செய்திருக்கிறது.

இன்னும் ஒன்று உண்டு. 1978ஆம் ஆண்டில், அமெரிக்காவின் அர்ப்பாநெட் வலையில், கணிப்பொறி விற்பனையாளர் ஒருவர் ஏறத்தாழ 400 பேருக்குக் கேளாமலே விளம்பர மடல் விடுத்தார். கண்டனம் எழுந்தது. பின்னர் 2003ஆம் ஆண்டில் அந்நாடு இயற்றிய சட்டம், வணிக மடல் ஒவ்வொன்றிலும் ‘இனி எனக்கு அனுப்ப வேண்டா’ என்று அறிவிக்க வழி இருத்தல் வேண்டும் என்றும், அவ்வேண்டுகோளை 10 வேலை நாட்களுக்குள் நிறைவேற்ற வேண்டும் என்றும் விதித்தது. அந்த வழி பெரும்பாலும் மடலின் அடியிலேயே இருக்கும். மடல் மிக நீண்டால் முதலில் மறைவதும் அதுவே என்பதை எண்ணிப் பாருங்கள்.

உங்களில் சிலர் நாளை இத்தொழிலை மேற்கொள்ளக்கூடும். வாங்குவோர் பெயருக்கு இடம் விடும்போது, அவர் மறுப்புக்கும் கண்ணில் படும்படி இடம் விடுங்கள்.