நம்பத் தகுந்த விடை



இன்று பட்டம் பெறும் உங்கள் ஒவ்வொருவரையும் மனதார வாழ்த்துகிறேன். உங்களைப் படிக்கவைத்த குடும்பங்களுக்கும், ஆய்வேட்டைப் பக்கம் பக்கமாகத் திருத்தித் தந்த நெறியாளர்களுக்கும் இந்த நாளின் பெருமையில் சரிபாதி உண்டு. முனைவர் பட்டம் பெறுவோரில் சிலர் கணக்கீட்டுக் கணிதத்தில், அதிலும் அலைகளைக் கணினியில் உருவகப்படுத்தும் துறையில் ஆய்வு செய்திருக்கிறீர்கள். என் துறையும் அதுவே. அது எனக்குக் கற்றுத்தந்த ஒன்றை எல்லாத் துறையினருக்கும் பொதுவாகச் சொல்ல விரும்புகிறேன். எதைக் கேட்டாலும் கணினி ஒரு விடையைத் தந்துவிடும். அந்த விடையை நம்பலாமா என்று சொல்ல வேண்டியவர் ஆய்வாளர்தான்.

அதிரும் தந்தியின் இயக்கத்தை 1747-இல் பிரான்சின் கணித அறிஞர் தாலம்பேர் அலைச் சமன்பாடு ஒன்றில் அடக்கினார். சீரான தந்தி என்றால் அதைக் கையாலேயே தீர்த்துவிடலாம். கடலின் ஆழமோ இடத்துக்கு இடம் மாறுகிறது. பூமிக்கடியில் பாறை அடுக்குக்கு அடுக்கு மாறுகிறது. அங்கே சூத்திரம் கைகொடுப்பதில்லை. ஆகவே, கோலத்துக்குப் புள்ளி வைப்பதுபோல் கடற்பரப்பு முழுவதும் புள்ளி வைக்கிறோம். ஒவ்வொரு புள்ளியிலும் நீர் மட்டம் அடுத்த சில வினாடிகளில் என்ன ஆகும் என்பதை, அக்கம்பக்கத்துப் புள்ளிகளைக் கொண்டு கணக்கிடுகிறோம். இதையே ஆயிரக்கணக்கான தடவை திரும்பச் செய்யும்போது திரையில் அலை நகர்கிறது.

இந்த வழியை வானிலைக்கு முதன்முதலில் துணிந்து கையாண்டவர் இங்கிலாந்தின் லூயிஸ் ஃப்ரை ரிச்சர்ட்சன். போரில் ஆயுதம் ஏந்த மறுத்த அவர், முதல் உலகப் போரின்போது பிரான்சில் ஆம்புலன்ஸ் பணியில் இருந்துகொண்டே இந்தக் கணக்கைக் கையால் போட்டார். எடுத்துக்கொண்ட நாள் 1910 மே 20. மத்திய ஐரோப்பாவில் ஓரிடத்தில் ஆறு மணி நேரத்தில் காற்றழுத்தம் எவ்வளவு மாறும் என்பதே கேள்வி. 145 மில்லிபார் என்று விடை வந்தது. கடும் புயலிலும் ஆறு மணி நேரத்தில் அவ்வளவு மாறுவதில்லை. உண்மையில் அன்று காற்றழுத்தம் அநேகமாக அசையவே இல்லை.

ரிச்சர்ட்சன் அந்தத் தாள்களைக் கிழித்துப் போடவில்லை. 1922-இல் வெளியிட்ட தம் நூலில் அந்தத் தவறான விடையை, ஒவ்வொரு அட்டவணையோடும் அப்படியே அச்சிட்டார். அதனால்தான் பின்வந்தவர்களால் பிழை எங்கே என்று தேட முடிந்தது. தொடக்கத்தில் எடுத்துக்கொண்ட காற்றின் வேகமும் அழுத்தமும் ஒன்றுக்கொன்று பொருந்தாமல் இருந்தன; அந்தப் பொருத்தமின்மை, இயற்கையில் இல்லாத பெரிய அலைகளைக் கணக்குக்குள் எழுப்பிவிட்டது. பல்லாண்டுகளுக்குப் பின் அயர்லாந்தின் வானிலை ஆய்வாளர் பீட்டர் லின்ச் அதே தரவை முதலில் சீராக்கி, அதே முறையில் கணக்கிட்டார். நம்பக்கூடிய சிறிய மாற்றமே விடையாக வந்தது. ரிச்சர்ட்சனின் வழி சரியானதுதான் என்று அவருடைய தோல்விக் குறிப்பைக் கொண்டே நிறுவ முடிந்தது.

ரிச்சர்ட்சன் தம் கணக்கை மேலும் நீட்டியிருந்தால் இன்னொரு தடையில் முட்டியிருப்பார். அதைக் கண்டறிந்தவர்கள் கூரன்ட், ஃபிரீட்ரிக்ஸ், லீவி ஆகிய கணித அறிஞர் மூவர். 1928-இல் வெளிவந்த அவர்களுடைய கட்டுரையின் முடிவு எளியது. ஒரு நேரப்படியில், அதாவது ஒரு கணக்குக்கும் அடுத்த கணக்குக்கும் இடையிலுள்ள நேரத்தில், அலை எவ்வளவு தூரம் போகுமோ, அதைவிடப் புள்ளிகளுக்கு இடையிலுள்ள தூரம் குறைந்துவிடக் கூடாது. குறைந்தால், அடுத்த விடைக்குத் தேவையான செய்தி கணக்குக்குள்ளேயே வந்து சேராது. சிறு பிழை பெருகிப் பெருகி விடையையே விழுங்கிவிடும். 4000 மீட்டர் ஆழக் கடலில் சுனாமி வினாடிக்குச் சுமார் 200 மீட்டர் ஓடுகிறது. இரண்டு கிலோமீட்டருக்கு ஒரு புள்ளி வைத்தால், அடுத்தடுத்த புள்ளிகளை மட்டும் பார்த்து முன்னேறும் முறையில் நேரப்படி 10 வினாடியைத் தாண்டக் கூடாது. இன்னும் துல்லியம் வேண்டிப் புள்ளிகளை இருமடங்கு நெருக்கினால் நேரப்படியையும் பாதியாக்க வேண்டும். கடற்பரப்பில் கணக்கின் வேலை எட்டு மடங்காகிறது. கணினி எவ்வளவு விரைவானதாக இருந்தாலும் இந்த விதியிலிருந்து விலக்கு கிடையாது.

இப்படி வெடித்துச் சிதறும் விடையைக்கூட நான் பெரிதாக அஞ்சுவதில்லை. பிழை இருக்கிறது என்று அதுவே உரக்கச் சொல்லிவிடுகிறது. அமைதியாக, அழகாக, தவறாக வரும் விடைதான் ஆபத்தானது. ஓர் அலைநீளத்துக்குப் போதிய புள்ளிகள் இல்லாவிட்டால், கணினிக்குள் ஓடும் அலை உண்மையான வேகத்தில் ஓடாது. படத்தில் எந்தக் குறையும் தெரியாது. அலை கரைசேரும் நேரம் மட்டும் பிழைபட்டிருக்கும். புள்ளிகளை நெருக்கி மறுபடி கணக்கிட்டுப் பார்த்தவருக்கும், விடை தெரிந்த ஒரு கணக்கில் தம் நிரலை ஓட்டிப் பார்த்தவருக்கும், கடலில் அளந்ததோடு ஒப்பிட்டவருக்கும்தான் அது பிடிபடும்.

கரைசேரும் நேரம் என்பதன் பொருளை நம் கடற்கரைக்கு விளக்க வேண்டியதில்லை. 2004 டிசம்பர் 26 காலை ஆறரை மணிக்குச் சுமத்ராவுக்கு அருகே கடலடி அதிர்ந்தது. அலை நம் கரைக்கு வர ஏறத்தாழ இரண்டரை மணி நேரம் ஆனது. அந்த இரண்டரை மணி நேரத்தில், நாகப்பட்டினத்திலும் கடலூரிலும் கன்னியாகுமரியிலும் கரையில் இருந்தவர்களுக்கு ஒரு சொல்லும் வந்து சேரவில்லை. இந்தியப் பெருங்கடலுக்கு அன்று எச்சரிக்கை அமைப்பே கிடையாது. 2007 முதல் ஹைதராபாத்திலுள்ள இந்தியத் தேசியப் பெருங்கடல் தகவல் சேவை மையத்தில் அது இயங்குகிறது. எங்கே, எவ்வளவு பெரிய நிலநடுக்கம் வந்தால் எந்தக் கரையில் எப்போது, எவ்வளவு உயரத்தில் அலை வரும் என்று முன்கூட்டியே கணக்கிட்டுச் சேர்த்து வைத்திருக்கிறார்கள். நிலம் அதிர்ந்ததும் அந்தச் சேமிப்பிலிருந்து பொருத்தமானதை எடுக்கிறார்கள். அதாவது, என்றோ ஓர் ஆய்வாளர் அமைதியாகப் போட்டுவைத்த கணக்கை நம்பி, ஒரு தாய் தன் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு மேட்டுக்கு ஓடுவாள். அவளுக்கு அந்தக் கணக்கைச் சரிபார்க்க நேரமும் இல்லை, வழியும் இல்லை. அவளுக்காகவும் நாம்தான் சரிபார்த்திருக்க வேண்டும்.

முனைவர் பட்டம் உங்கள் தலையில் ஏற்றுவது இந்தப் பொறுப்பைத்தான். நாளை நீங்கள் கல்லூரியில் கற்பிக்கலாம், எண்ணெய் நிறுவனத்தில் நில அதிர்வுத் தரவைப் படிக்கலாம், மருத்துவமனைக்கு மீயொலிக் கருவி வடிவமைக்கலாம். எங்கே போனாலும் உங்களிடம் விரைவாக ஓர் எண்ணைக் கேட்பார்கள். அந்த எண்ணோடு, அதை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். தெரியாத இடத்தில் தெரியாது என்று சொல்லுங்கள். மேலதிகாரி விரும்பும் விடை வந்துவிட்டதே என்று சோதனையை நிறுத்திவிடாதீர்கள். விரும்பிய விடைக்குத்தான் இருமடங்கு சோதனை தேவை. பலிக்காத முயற்சியையும், மற்றவர் திரும்பச் செய்து பார்க்கும் அளவுக்கு விவரமாக எழுதி வெளியிடுங்கள். ரிச்சர்ட்சன் அப்படி எழுதினார்; வானிலையைக் கணக்கிட்டுக் கணிக்கும் துறை அந்த நேர்மையின் மேல்தான் எழுந்தது.

உங்கள் பெயருக்கு முன் இன்று சேரும் பட்டம் மக்கள் உங்கள் மீது வைக்கும் நம்பிக்கை. வாழ்நாள் முழுவதும் அதற்குத் தகுதியானவர்களாக இருங்கள். நீங்கள் தரும் ஒவ்வொரு விடையும் நம்பத் தகுந்ததாக அமைய வாழ்த்துகிறேன்.