தூக்கி எறிய ஓர் எதிராளி

2022 ஆகஸ்டில் போஸ்னியாவின் சரயேவோ நகரில் நடந்த உலக கேடட் ஜூடோ போட்டியில், 57 கிலோ பிரிவில் மணிப்பூரின் லிந்தோய் சனம்பம் தங்கம் வென்றார். அப்போது அவருக்கு வயது 16. எந்த வயதுப் பிரிவிலும் உலக ஜூடோ போட்டியில் இந்தியா அதற்குமுன் ஒரு பதக்கம்கூட வாங்கியதில்லை. அந்தத் தங்கத்துக்கான பயிற்சி நடந்தது நம் கர்நாடகத்தில்தான். பெங்களூரு சிவாஜிநகரிலிருந்து கிளம்பி ராத்திரி ரயில் ஏறினால் விடிகிற நேரத்தில் பெல்லாரிப் பக்கம் போய் இறங்கலாம். அங்கே விஜயநகர் இன்ஸ்பயர் விளையாட்டு நிலையத்தில், ஜார்ஜியா நாட்டுப் பயிற்சியாளர் மமுகா கிசிலாஷ்விலியிடம் பழகியவர் அவர். நம் பிள்ளைகளின் உடல்வாகு ஜூடோவுக்கு ஒத்துவராது என்று இனியும் சொல்லிக்கொண்டிருப்பது நியாயமில்லை. தினமும் மோத வலுவான எதிராளி கிடைக்காததுதான் நம் குறை என்பது என் கட்சி.

ஓட்டக்காரர் கப்பன் பார்க்கில் தனியாக ஓடிப் பழகலாம். ஜூடோவில் அது நடக்காது. முதலில் விழக் கற்க வேண்டும். தாடையை மார்போடு ஒட்டி, முதுகு மெத்தையைத் தொடும் அதே நொடியில் கையால் ஓங்கி அறைய வேண்டும். பிறகு எல்லாமே பிடியில்தான். எதிராளியின் சட்டைக் கழுத்தையும் கையையும் பற்றியபடி, அவர் எந்தக் காலில் பாரம் போடுகிறார் என்பதைக் கண்ணுக்கு முன்பே கை கண்டுபிடிக்க வேண்டும். அதே இரண்டு தோழிகளோடு மோதிக்கொண்டிருந்தால் அந்தக் கை வராது. பணம் மட்டும் போதும் என்றால் அமெரிக்கா என்றைக்கோ ஜெயித்திருக்கும். ஒலிம்பிக்கில் ஜூடோ நுழைந்தது 1964இல். அமெரிக்காவின் முதல் தங்கம் 2012இல்தான். அதை வென்ற கேய்லா ஹாரிசன், தானே இருமுறை ஒலிம்பிக் வெண்கலம் வாங்கிய ஜிம்மி பெட்ரோவிடம் பழகியவர். 2016இல் ரியோவிலும் அவர் தங்கத்தை விட்டுக்கொடுக்கவில்லை.

சிறு வயதுத் தங்கத்தை வைத்து இவ்வளவு பேசலாமா என்று கேட்பீர்கள். சரியான கேள்வி. காமன்வெல்த் போட்டியில் வெள்ளி வென்ற சுசீலா தேவி டோக்கியோ ஒலிம்பிக்கிலும், துலிகா மான் பாரிஸிலும் முதல் சுற்றோடு வெளியேறினார்கள். ஆனால் ஜப்பான், பிரான்ஸ், ஜார்ஜியா, கியூபா எதுவுமே காமன்வெல்த்தில் இல்லை. அந்த வெள்ளிகள் நம்மை அவர்களுக்குத் தயார்படுத்தவில்லை. லிந்தோயோ முழங்கால் காயத்திலிருந்து மீண்டு, 63 கிலோவுக்கு மாறி, 2025இல் லிமாவில் உலக ஜூனியர் வெண்கலமும் வென்றுவிட்டார். சரயேவோ வெற்றியை அதிர்ஷ்டக் கணக்கில் எழுத முடியாது. விஜயநகரில் இருப்பதுபோல் ஒரு நிலையத்தைக் கட்டக் கோடிகள் வேண்டும், மறுக்கவில்லை. தொடக்கத்துக்கு அவ்வளவு வேண்டாம். சிவாஜிநகர்ப் பள்ளிக்கூடம் ஒன்றின் கூடத்தில் மாலையில் மெத்தை விரித்து, விழச் சொல்லித்தர ஒருவரை அமர்த்தி, வாரம் ஒருநாள் அல்சூர், பிரேசர் டவுன் பிள்ளைகளையும் வரவழைத்து மோதவிடலாம். இதை மாநகராட்சியே செய்யலாம்.