பெயர் சொல்லிப் பாடுதல்

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



'தனியிசைக் குழுக்களின் பாடல்கள்' என்பது எனக்கு அளிக்கப்பட்ட தலைப்பு. இதை எனக்கு அளித்ததில் நம் செயலாளரின் குறும்பு இருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன் நம் ஆண்டு விழாவுக்குக் கானா பாடும் இளைஞர் ஒருவரை அழைக்கலாம் என்று உறுப்பினர் ஒருவர் சொன்னார். "இது இலக்கிய வட்டம்" என்று மூன்றே சொற்களில் அந்தப் பேச்சை முடித்துவைத்தவன் நான். கூட்டக் குறிப்பேட்டில் அது பதிவாகியும் இருக்கிறது. ஆகவே இன்று நான் பேசுவதில் பாதி திறனாய்வு என்றால் மீதி தண்டனை என்று கொள்ளுங்கள்.

என் தங்கை மகன் ஒருமுறை செங்கற்பட்டிலிருந்து தாம்பரம் செல்லும் ரயிலில் தன் இயர்போனில் ஒரு முனையை என் காதில் செருகினான். பறை, அதற்குமேல் கிட்டார், அவற்றுக்கிடையே ஒரு குரல். வாத்தியங்கள் எனக்குப் புதியவையல்ல. அவை சேர்ந்த விதம் புதிது. அதைவிடப் புதிதாய் இருந்தது பாடியவர் தம்மை யார் என்று சொல்லிக்கொண்ட விதம். அந்தக் குழுவின் பெயர் 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்'. இயக்குநர் பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் தென்மாவும் சேர்ந்து 2017-இல் உருவாக்கியது. 2018 சனவரி 6 அன்று சென்னை கீழ்ப்பாக்கத்தில் அதன் முதல் நிகழ்ச்சி நடந்தது. மேடையில் 19 பேர். கானா பாடுவோர், ராப் பாடுவோர், பறை, சட்டி, கட்டமோளம் அடிப்போர், கிட்டார் வாசிப்போர் என்று ஒரு தெருவே மேடைக்கு ஏறி வந்தது போன்ற கூட்டம். குழுவின் ஆங்கிலப் பெயருக்கு மூலம் தமிழில் இருக்கிறது. அயோத்திதாசப் பண்டிதர் ஆண்ட 'சாதிபேதமற்ற' என்ற சொல்தான் அது. 1907-இல் 'ஒரு பைசாத் தமிழன்' தொடங்கிய அந்த மனிதரின் சொல், நூறாண்டு கழித்துக் கிட்டாரோடு திரும்பி வந்திருக்கிறது.

தமிழில் பாட்டு என்றால் திரைப்பாட்டு என்று ஆகிவிட்ட நெடுங்காலத்தில் வளர்ந்தவர்கள் நாம். திரைப்பாட்டை நான் குறைத்துச் சொல்லவில்லை. நம்மில் பலருக்கு யாப்பு செவியில் ஏறியதே அதன் வழியாகத்தான். ஆனால் அதன் அமைப்பைப் பாருங்கள். ஒருவர் மெட்டமைக்கிறார், ஒருவர் அதற்குள் சொல்லை நிரப்புகிறார், ஒருவர் பாடுகிறார், ஒருவர் வாயசைக்கிறார். துயரம் இந்த நால்வரில் யாருடையது என்று கேட்டால், கதையில் வரும் ஐந்தாம் நபருடையது என்றுதான் சொல்ல வேண்டியிருக்கும். கானாவில் இந்தப் பிரிவினை இல்லை. கட்டியவரும் பாடுபவரும் பெரும்பாலும் ஒருவரே. கேட்பவர் அவருடைய தெருக்காரர். வடசென்னையில் இறப்பு நேர்ந்த வீட்டு வாசலில் இரவெல்லாம் பாடப்படும் மரண கானாவில் இறந்தவரின் பெயர் வரும், அவர் தொழில் வரும், அவர் பட்ட கடன்கூட வரும். பெயர் இல்லாமல் மரண கானா இல்லை. அடுத்த வீட்டு மனிதரைப் பற்றி அவர் மனைவி மக்கள் முன்னிலையில் பாடும்போது பொய் சொல்ல முடியாது. மிகையாகச் சொன்னால் கூட்டம் சிரித்துவிடும்.

இந்தக் குழுவின் பாடல்கள் எல்லாம் ஒரே தரம் அல்ல. இடஒதுக்கீட்டைப் பற்றிய பாட்டில் உள்ள எள்ளல் கூர்மையானது. நம் மேடைகளில் ஒரு மணி நேரம் விளக்கினாலும் வராத தெளிவு அதில் இருக்கிறது. மாட்டுக்கறியைப் பற்றிய பாட்டில் உண்பவரின் மகிழ்ச்சி இருக்கிறது, மன்னிப்புக் கேட்கும் தொனி இல்லை. வேறு சில பாடல்கள் முழக்கத்தோடு நின்றுவிடுகின்றன. கேட்கும்போது கை தட்டுகிறோம். மறுநாள் நினைவில் தாளம் மட்டும் இருக்கிறது. இதைச் சொல்லாமல் புகழ்ந்தால் அவர்களுக்கும் நன்மையில்லை.

அந்தக் குழுவில் பாடிய அரக்கோணத்து அறிவு, ஆஃப்ரோ என்னும் இசையமைப்பாளருடன் சேர்ந்து 2019-இல் வெளியிட்ட தொகுப்பு 'தெருக்குரல்'. திருக்குறளை நினைவூட்டும் பெயர். வல்லின றகரம் இடையின ரகரமாகவும் ளகரம் லகரமாகவும் மாறிய இடத்தில் குறள் குரலாகிவிடுகிறது. நான் இதை மூன்று முறை தாளும் பென்சிலுமாக உட்கார்ந்து கேட்டேன். முதல்முறை சொற்கள் வேகத்தில் நழுவின. ராப் என்பது மூச்சின் கலை. நம் செவி அசைபிரித்துக் கேட்கப் பழகியது, அதற்குச் சற்று நேரம் பிடிக்கிறது. மூன்றாம் முறை, எதுகைகள் எதிர்பாராத இடங்களில் விழுவதையும், முடுகு நடைக்கு இது அப்படியொன்றும் தொலைவில்லை என்பதையும் கண்டுகொண்டேன்.

அந்தத் தொகுப்பில் ஒரு பாடலின் பெயர் 'ஸ்னோலின்'. 2018 மே 22 அன்று தூத்துக்குடியில் ஸ்டெர்லைட் ஆலைக்கு எதிரான பேரணியின்போது நடந்த துப்பாக்கிச் சூட்டில் இறந்த மாணவியின் பெயர் அது. அன்றும் மறுநாளும் அங்கே 13 பேர் இறந்தார்கள். நாம் அப்போது கவிதை எழுதவில்லையா? எழுதினோம். நம் இதழின் அந்த ஆண்டுப் பிரதிகளை இந்த உரைக்காக எடுத்துப் பார்த்தேன். குருதி என்ற சொல் இருக்கிறது, கடல் இருக்கிறது, முத்து இருக்கிறது, சிறகொடிந்த பறவை இருக்கிறது. அவற்றுள் ஒன்று நான் எழுதியது. ஒன்றில்கூட ஒரு பெயர் இல்லை.

இது ஏன் என்று யோசித்தபோதுதான் தொல்காப்பியம் நினைவுக்கு வந்தது. அகத்திணையில் தலைவன் தலைவியரின் பெயரைச் சுட்டிச் சொல்லலாகாது என்பது விதி. ஒருவருடைய காதல் எல்லாருடைய காதலாகவும் ஆக வேண்டுமானால் பெயர் தடையாகும். அந்த விதி எவ்வளவு கடுமையானது என்றால், நெடுநல்வாடையில் வேலில் கட்டிய வேம்பு பாண்டியனைச் சுட்டிவிடுகிறது என்பதற்காகவே நச்சினார்க்கினியர் அதைப் புறம் என்றார். புறத்துக்கு அந்த விதி இல்லை. புறத்தில் பெயர் வரலாம். கையறுநிலையிலோ பெயர்தான் உயிர். பாரி இல்லாத பறம்பைக் கபிலர் பாடினார். அதியமான் இல்லாத உலகத்தை ஔவை பாடினார். கோப்பெருஞ்சோழன் இல்லாத ஊரைப் பொத்தியார் பாடினார். மாண்ட மன்னன் என்று பொதுவாகப் பாடியிருந்தால் அந்தப் பாட்டுகள் இன்றுவரை நம்மை வருத்துமா?

நாமோ புறத்தைப் பாடும்போதும் அகத்தின் விதியைக் கைக்கொள்கிறோம். பெயரை எடுத்துவிட்டால் கவிதை பொதுமை பெறும் என்று நினைக்கிறோம். உண்மையில் நமக்கு வேண்டியது பொதுமை அல்ல, பாதுகாப்பு. பெயர் சொன்னால் அந்தப் பெயருக்குரிய தாய் ஒருத்தி இருப்பாள். அவள் வந்து, என் மகளைப் பற்றி உனக்கு என்ன தெரியும் என்று கேட்கக்கூடும். பறவை என்று எழுதிவிட்டால் யாரும் வந்து கேட்கப்போவதில்லை.

இந்தத் தனியிசைப் பாடல்கள் இளைஞர்களை ஏன் இழுக்கின்றன என்ற கேள்விக்கு, இரைச்சல், மேல்நாட்டு மோகம் என்று நாம் விடை சொல்லி வந்தோம். என் விடை வேறு. இவற்றில் பாடுகிறவர் தம் பெயரையும் ஊரையும் சொல்லிக்கொண்டு பாடுகிறார். யாருக்காகப் பாடுகிறாரோ அவர் பெயரையும் சொல்கிறார். சொன்ன சொல்லுக்குப் பொறுப்பேற்கும் ஆள் எதிரில் நிற்கிறார். நம் மலையைப் பாடிய சம்பந்தரும் சுந்தரரும் பதிகத்தின் கடைசிப் பாட்டில் தம் பெயரை வைத்துத்தானே முடித்தார்கள்? அது வெறும் முத்திரை என்று நான் மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தேன். இப்போது அதை ஒரு கையொப்பமாக, பொறுப்பேற்பாகப் படிக்கிறேன்.

பொறுப்பேற்பதற்கு விலையும் உண்டு. அதே குழுவின் இசைவாணி, ஆண்களே பாடிவந்த கானா மேடையில் ஏறிய பெண். 2020-இல் பி.பி.சி. தேர்ந்த நூறு பெண்களில் ஒருவர். சபரிமலைத் தீர்ப்பு வந்த 2018-ஐ ஒட்டி அவர் பாடிய ஒரு பாட்டுக்காக, ஆறு ஆண்டு கழித்து, 2024 நவம்பரில், மிரட்டல்களும் புகார்களும் அவரைத் தேடி வந்தன. நம் கவிதைக்காக நம்மை யாரும் ஆறு நாள் கழித்துக்கூடத் தேடியதில்லை.

பெயர் சொல்லிப் பாடியவரின் பெயரே நழுவிப்போவதும் உண்டு. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் திரும்பிய தம் பாட்டி வள்ளியம்மாளை மனத்தில் வைத்து அறிவு எழுதிய 'எஞ்சாய் எஞ்சாமி' 2021 மார்ச்சில் வெளிவந்து உலகெங்கும் பரவியது. மறு ஆண்டு சூலையில் சதுரங்க ஒலிம்பியாட். ஆட்டங்கள் நடந்தது பக்கத்தில் மாமல்லபுரத்தில். தொடக்க விழா சென்னையில். அவ்விழாவில் அந்தப் பாடல் ஒலித்தபோது அதை எழுதிய அறிவு மேடையில் இல்லை. ஆக்கத்தில் யார் பங்கு எவ்வளவு என்ற வாதம் அதன் பின் எழுந்தது. அந்த வழக்கில் தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. நிலமிழந்த ஒரு கிழவியின் பாட்டு எங்கே போய்ச் சேர்ந்தது, யார் அங்கே இல்லாமல் போனார் என்பதை மட்டும் பதிவு செய்கிறேன்.

நிலம் என்றதும் நம் மாவட்டத்துக்கு வருகிறேன். 1891-இல் செங்கற்பட்டு ஆட்சியராயிருந்த திரமென்கீர், ஒடுக்கப்பட்டோரின் நிலைமை குறித்து ஓர் அறிக்கை எழுதினார். பஞ்சமி நிலம் என்று நாம் இன்று சொல்வது அதிலிருந்து வந்தது. அதே காலத்தில், 1893-இல், மதுராந்தகத்துக்கு அருகிலுள்ள கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன், இழிவாகச் சொல்லப்பட்ட பெயரையே தலைப்பாக வைத்துப் 'பறையன்' இதழைத் தொடங்கினார். பெயரைத் தலைநிமிர்த்திச் சொல்வது இந்த மண்ணுக்குப் புதிதல்ல. நூறாண்டு கழித்து, மாமல்லபுரத்துக்கு அருகே கரணையில் பஞ்சமி நில மீட்புப் போராட்டம் எழுந்தது. 1994 அக்டோபர் 10 அன்று செங்கற்பட்டில் காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் இருவர் இறந்தார்கள். ஜான் தாமஸ், ஏழுமலை.

இந்த மண்டபத்திலிருந்து ஒரு மணி நேரப் பயணத்துக்குள் நடந்த சாவுகள் இவை. நம் வட்டத்தின் பத்தாண்டுத் தொகுதிகளில் சங்கு தீர்த்தத்தைப் பற்றிக் கவிதைகள் உண்டு. மலையைப் பற்றி உண்டு. கழுகுகளைப் பற்றி மட்டும் எண்ணிப் பார்த்தேன், பதினேழு உண்டு. 1998-க்குப் பிறகு கழுகுகள் உச்சிவேளைச் சோற்றுக்கு வருவதில்லை என்பது ஊருக்கே தெரியும். வராத பறவைக்குப் பதினேழு கவிதை எழுதியிருக்கிறோம். கரணைக்கு ஒன்றும் இல்லை.

அடுத்த ஆண்டு விழாவுக்குக் கானா பாடுவோரை அழைக்க வேண்டும் என்று இன்று நானே முன்மொழிகிறேன். குறிப்பேட்டில் பழைய வரியை அடிக்க வேண்டாம். அதற்குக் கீழே இதை எழுதுங்கள்.

இந்த மலருக்கு நான் கவிதை எதுவும் தரவில்லை. மலர்க்குழுவினர் இருமுறை கேட்டும் விட்டார்கள். அந்த இரண்டு பெயர்களையும் வைத்து எழுதத் தொடங்கினேன். ஏழுமலை என்று எழுதியதும், அவர் என்ன பயிரிட்டார், அவர் வீட்டில் யார் இருந்தார்கள் என்று எதுவும் எனக்குத் தெரியவில்லை என்பது தெரிந்தது. கரணைக்குப் போய்க் கேட்க வேண்டும். மூன்று வரியோடு அந்தத் தாள் என் சட்டைப்பையில் இருக்கிறது.