சுடுநீர்த் தொட்டியில் சொட்டும் வால்வு



தோட்டத்து லயத்தில் சுடுநீர் என்றால் விறகடுப்பும் அண்டாவும்தான். அண்டாவின் வாய் திறந்திருக்கும். தண்ணீர் சூடேறிப் பொங்கினால் விளிம்பில் வழிந்து அடுப்பில் விழும், அவ்வளவுதான். இப்போது நம்மில் பலர் லயத்தை விட்டுத் தாமான் வீடுகளுக்கு வந்துவிட்டோம். சுங்கை சிப்புட்டிலும் பத்து காஜாவிலும் ஈப்போவின் ஓரங்களிலும் நம்மவர் வீடுகள் சிலவற்றில் மின்சாரச் சுடுநீர்த் தொட்டி இருக்கிறது. வசதியுள்ளவர்கள் கூரையின்மேல் சூரிய வெப்பத் தொட்டியும் வைத்திருக்கிறார்கள். இவை வாய் மூடிய பாத்திரங்கள். அந்த ஒரு வேறுபாட்டினால்தான் வால்வுகளைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது.

குளியலறைச் சுவரில் மாட்டும் சிறிய பெட்டி வகையை நான் சொல்லவில்லை. அது ஓடுகிற நீரை ஓட ஓடச் சூடாக்குவது. அதில் நீர் தேங்குவதில்லை. நான் சொல்வது 50 லிட்டர், 100 லிட்டர் என்று நீரைச் சேர்த்து வைத்துச் சூடாக்கும் தொட்டியை.

பள்ளியில் மாணவர்களுக்கு ஒரு சோதனை செய்து காட்டுவதுண்டு. நீங்களும் வீட்டில் செய்து பார்க்கலாம். சிறு கண்ணாடிப் புட்டியில் சாய நீரை விளிம்புவரை நிரப்பி, உறிஞ்சுகுழல் ஒன்றைச் செருகி, சுற்றிலும் களிமண்ணால் அடைத்துவிடுங்கள். புட்டியை வெந்நீரில் வைத்தால் குழலில் சாய நீர் மெல்ல ஏறும். நீர் சூடேறினால் விரிகிறது என்பதைக் கண்ணால் காணலாம். எவ்வளவு விரிகிறது? 28 பாகை செல்சியசில் இருக்கும் 100 லிட்டர் நீரை 65 பாகைக்குச் சூடாக்கினால் ஏறத்தாழ 1.6 லிட்டர் கூடும். கூரைமேல் இருக்கும் 300 லிட்டர் தொட்டி 70 பாகைக்குப் போனால் ஐந்தரை லிட்டருக்கு மேல் கூடும்.

கூடிய நீர் எங்கே போகும்? காற்றை அமுக்கினால் அது சுருங்கி இடம் கொடுக்கும். நீர் அப்படிச் சுருங்காது. முழுவதும் நிரம்பி, எல்லாப் பக்கமும் அடைபட்ட தொட்டியில் சில பாகை வெப்பம் ஏறினாலே அழுத்தம் தாறுமாறாக உயர்ந்துவிடும்.

கூரைக்குக் கீழே இருக்கும் தண்ணீர்த் தொட்டியிலிருந்து நேராகக் குழாய் இறங்கி வரும் வீடுகளில் இந்தச் சிக்கல் எழுவதில்லை. விரிந்த நீர் வந்த வழியே மேலே திரும்பிவிடும். குழாயில் ஒருவழி வால்வு இல்லாதவரை அந்தத் தொட்டியே விரிவுக்கும் இடமாகிறது. பழைய முறைதான், ஆனால் என்னைக் கேட்டால் மிக நல்ல முறை. பழுதாவதற்கு அதில் எதுவுமே இல்லை.

வினை வருவது பம்பு மாட்டும்போது. மேல்தொட்டி மூன்று மீட்டர் உயரத்தில் இருந்தால் அழுத்தம் 0.3 பார்தான் வரும். குளிக்க நீர் வேகமாக விழாது. ஆகவே பலர் பம்பு வாங்கி மாட்டுகிறார்கள். பம்போடு ஒருவழி வால்வும் வந்துவிடுகிறது. அது நீரை உள்ளே விடும், திரும்ப விடாது. அன்றிலிருந்து விரிந்த நீருக்கு மேலே போக வழியில்லை. தொட்டியின் பாதுகாப்பு வால்வு திறந்து, கூடிய அளவை வெளியே சொட்ட விடுகிறது.

எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் இதே கதைதான். "சார், புது வால்வு ரெண்டு தடவை மாத்தியாச்சு, இன்னும் ஒழுகுது" என்றார் அந்த வீட்டு அம்மா. எப்போது ஒழுகுகிறது என்று கேட்டேன். சுவிட்சு போட்ட கொஞ்ச நேரத்தில் தொடங்கி, நீர் சூடானதும் நின்றுவிடுகிறதாம். அப்படியென்றால் வால்வு பழுதில்லை, தன் வேலையைச் செய்கிறது. ஆனால் அதற்குள் யாரோ ஓர் உறவினர் வந்து வால்வின் வெளிக்குழாயில் மரக்கட்டையைச் செதுக்கி அடித்து அடைத்திருந்தார்! முதலில் மின்சாரத்தை நிறுத்தி, நீர் ஆறும்வரை காத்திருந்து, அந்தக் கட்டையைப் பிடுங்கச் சொன்னேன்.

அந்தக் கட்டை என்ன செய்திருக்கும் என்று பாருங்கள். தொட்டிக்குள் வெப்பத்தை அளந்து மின்சாரத்தை நிறுத்தும் தெர்மோஸ்டாட் என்றாவது ஒருநாள் ஒட்டிக்கொண்டு நிற்காமல் போகலாம். அப்போது நீர் 100 பாகையைத் தாண்டும். மூடிய பாத்திரத்தில் அழுத்தம் இருப்பதால் அது கொதிக்காமலே தாண்டும். நம் பிரஷர் குக்கரில் நீர் 120 பாகை வரை போவது இப்படித்தான். தொட்டி எங்கேனும் கிழிந்தால் அழுத்தம் ஒரு நொடியில் விழும். நீரின் ஒரு பகுதி அந்தக் கணமே ஆவியாகும். 1 லிட்டர் நீர் ஆவியானால் 1,600 லிட்டருக்கு மேல் இடம் கேட்கும். கூரையைத் தூக்க அது போதும்.

குக்கரின் மேல் வைக்கும் எடைக்கு வயது அதிகம். டெனி பாப்பேன் என்ற பிரெஞ்சு அறிஞர் 1679இல் எலும்பை வேகவைக்க மூடிய பானை ஒன்றைச் செய்தார். அதற்கு எடை வைத்த வால்வையும் அமைத்தார். நம் செம்பனை ஆலைகளில் பழக்குலையை ஏறத்தாழ 3 பார் நீராவியில் அவிக்கிறார்களே, அங்குள்ள கலங்களுக்கும் இதே தத்துவம்தான். ஆலைக் கொதிகலனுக்கு அரசாங்கத் தகுதிச் சான்றிதழ் உண்டு, அதிகாரி வந்து பார்ப்பார். 1967ஆம் ஆண்டுத் தொழிற்சாலை, இயந்திரச் சட்டத்தின்கீழ் இருந்த அந்த ஏற்பாடு, 2024 ஜூன் 1இல் அச்சட்டம் நீக்கப்பட்டபின், 1994ஆம் ஆண்டுத் தொழிலிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின்கீழ் நடக்கிறது. குளியலறைத் தொட்டியைப் பார்க்க எந்த அதிகாரியும் வரமாட்டார். வீட்டுக்காரர்தான் பார்க்க வேண்டும்.

கடைக்குப் போகும்போது கேட்க வேண்டியதைச் சொல்கிறேன். பாதுகாப்பு வால்வு அழுத்தம், வெப்பம் இரண்டுக்கும் திறப்பதாக இருக்க வேண்டும். அதன் தகட்டில் 7 பார், 99 பாகை என்பதுபோல எழுதியிருக்கும். அந்த அழுத்தம் உங்கள் தொட்டியின் தகட்டில் போட்டிருக்கும் அளவை மீறக் கூடாது. வால்வு தொட்டியிலேயே நேராக உட்கார வேண்டும். இடையில் மூடக்கூடிய வால்வு எதுவும் கூடாது. வெளிக்குழாய் உலோகமாக இருக்கட்டும், சாதாரணப் பிளாஸ்டிக் குழாய் வெந்நீரில் இளகிவிடும். அது கீழ்நோக்கியே சரிந்து, பிள்ளைகள் நிற்காத இடத்தில், கண்ணுக்குத் தெரியும்படி முடியட்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை நெம்புகோலைத் தூக்கி நீர் பீறிடுகிறதா என்று பாருங்கள். கிந்தாவின் சுண்ணாம்புக் குன்றுகளை ஒட்டிக் கிணற்று நீர் பாவிப்பவர்கள் இதை மறக்கவே கூடாது. கெண்டியில் படியும் அதே வெள்ளைக் கறை வால்வையும் ஒட்டவைத்துவிடும். நீர் ஆறிக் கிடக்கும்போதும் ஓயாமல் சொட்டினால்தான் வால்வில் அழுக்கோ, குழாயில் அளவுக்கு மீறிய அழுத்தமோ இருக்கிறது என்று பொருள்.

சொட்டுவதே வேண்டாம் என்பவர்களுக்கு விரிவுக் கலம் உண்டு. உருண்டையான சிறு கலம். உள்ளே ரப்பர்ச் சவ்வு, ஒரு பக்கம் நீர், மறுபக்கம் காற்று. நாம் சீவிய பால்மரத்தின் தூரத்து உறவு என்று சொல்லலாம், இப்போது பெரும்பாலும் செயற்கை ரப்பராக இருந்தாலும்! விரிந்த நீர் சவ்வைத் தள்ளும், காற்று சுருங்கி இடம் கொடுக்கும். பம்பின் அழுத்தம் 2 பார், ஏறவிடுவது 5 பார் என்றால், வெளிக்காற்றின் 1 பாரையும் கூட்டி 3, 6 என்று கொள்ளுங்கள். காற்று பாதியாகச் சுருங்கும். அப்படியானால் 1.6 லிட்டரைத் தாங்க 3.2 லிட்டர் கலம் வேண்டும். கடையில் 5 லிட்டர் வாங்கினால் தாராளம்.

குளிர்நாடுகளில் வீடு முழுவதையும் வெந்நீர்க் குழாயால் சூடாக்குகிறார்கள். அங்கே இந்தக் கலம் இல்லாமல் எதுவும் நடவாது. பிரிட்டனில் வீட்டுச் சுற்றை 1 பார் அளவில் நிரப்பி, பாதுகாப்பு வால்வை 3 பாரில் திறக்க வைப்பார்கள். அந்தச் சுற்றுக்கென்று செய்த கலத்தை நாம் குளிக்கும், குடிக்கும் நீரில் மாட்டக் கூடாது. அதன் சவ்வு அதற்காகச் செய்யப்பட்டதன்று.

கலத்துக்கும் குழாய்க்கும் நடுவே எந்த வால்வு என்பதில்தான் தேர்ந்தவர்களும் தடுமாறுகிறார்கள். ஒருவழி வால்வு அங்கே கூடவே கூடாது. நீர் போகவும் வரவும் வேண்டும். ஒன்றுமே இல்லாவிட்டால் கலத்தைப் பழுதுபார்க்க முழுத் தொட்டியையும் காலி செய்ய வேண்டும். சாதாரணத் திருகு வால்வைப் போட்டால் யாராவது விவரம் தெரியாமல் மூடிவிடுவார்கள். ஆகவே முழு வாய் திறக்கும் வால்வாகவும், கைப்பிடியைக் கழற்றி வைக்கவோ முத்திரையிட்டுத் திறந்தபடி நிறுத்தவோ கூடியதாகவும், கலத்துப் பக்கம் நீரை வடிக்கச் சிறு குழாய் உடையதாகவும் பார்த்து வாங்க வேண்டும். ஈப்போவில் 1969இல் தொடங்கிய உங்கு ஒமார் பாலிடெக்னிக்கிலோ வேறு தொழிற்பள்ளியிலோ படிக்கும் பிள்ளைகள் வீட்டில் இருந்தால் இதை அவர்களிடம் கேட்டுச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

கலத்தின் காற்று முனை மோட்டார் சைக்கிள் டயரின் முனையேதான். டயர் அழுத்தம் பார்க்கும் கருவியே போதும். ஆனால் மின்சாரத்தை நிறுத்தி, நீர் ஆறியபின், நடுவில் உள்ள வால்வை மூடி, கலத்து நீரை வடித்த பிறகே அளக்க வேண்டும். வடிக்காமல் அளந்தால் கருவி காட்டுவது குழாயின் அழுத்தத்தை. வடித்தபின் பம்பின் அழுத்தத்துக்குச் சமமாகக் காற்று இருக்க வேண்டும்; குறைந்தால் டயருக்கு அடிப்பதுபோல் அடிக்கலாம். முனையை அமுக்கும்போது காற்றுக்குப் பதில் நீர் வந்தால் சவ்வு கிழிந்துவிட்டது, கலத்தை மாற்றுங்கள். வேலை முடிந்ததும் நடு வால்வைத் திறந்து முத்திரையிட்ட பிறகே சுவிட்சைப் போடுங்கள்.