மருந்தின் பொதுப்பெயர்

(இராயபுரத்தில் நடைபெற்ற சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இராயபுரம் முதல் எண்ணூர் வரையில் வாழும் நம்மவருள் கப்பலேறிப் பிழைக்கச் சென்றோர் பலர். அவருள் இரத்தக் கொதிப்பும் நீரிழிவும் உடையோரும் உளர். ஆதலின் இன்று யாம் நூலாராய்ச்சி விடுத்து, மருந்தைக் குறித்துச் சில சொல்ல விழைகின்றோம்.

2020-ஆம் ஆண்டில் கொரோனா நோய் பரவியபோது, துறைமுகங்கள் பல மாலுமிகளைக் கரையிறங்க விடவில்லை. ஒப்பந்தக் காலம் முடிந்தும் வீடு திரும்ப இயலாது ஏறத்தாழ 4,00,000 மாலுமிகள் கப்பலிலேயே தங்க நேர்ந்தது. துறைமுகத்தில் வைத்தியரைக் காணும் உரிமையை 2006-ஆம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை அவர்கட்கு அளித்திருந்தது. அன்று அது பலர்க்கு ஏட்டளவில் நின்றது.

அவ்வாறு தங்கியோருள் எம் பழைய மாணாக்கர் ஒருவரும் இருந்தார். ஆறு திங்களுக்கென்று கொண்டுசென்ற இரத்தக் கொதிப்பு மாத்திரை தீர்ந்துவிட்டது. கப்பலின் மருந்துப் பெட்டியில் அம்மாத்திரை இல்லை. கரையிலிருந்த வைத்தியர் தொலைபேசி வழியே, "என்ன மருந்து?" என வினவினார். மாணாக்கர் அறிந்தது நம் ஊர்க் கடையில் வழங்கும் கம்பெனிப் பெயர் ஒன்றே. அப்பெயரை அந்நாட்டார் கேட்டறியார்.

அவர்தம் அன்னையார் எம் இல்லம் வந்து, வெற்று மாத்திரை அட்டையை நீட்டினார். "ஐயா, இதிலே என்ன எழுதியிருக்குன்னு பாருங்க" என்றார். அவர் கை நடுங்கிற்று. அட்டையில் கம்பெனிப் பெயரோடு 'அம்லோடிபின் 5 மில்லிகிராம்' என்றும் பொறித்திருந்தது. அதனைக் கப்பலுக்குத் தெரிவித்தோம். அடுத்த துறைமுகத்தில் மருந்து படகேறி வந்தது.

பொதுப்பெயர், சிறப்புப்பெயர் என வகுப்பில் அவருக்குக் கற்பித்தவர் யாமே. மருந்திற்கும் அவை உண்டென்று ஒருநாளும் சொன்னோமில்லை. அக்குறை எம்முடையது; அதனைத் தீர்க்கவே இன்று பேசுகின்றோம். மருந்துகளுக்கு உலகெங்கும் செல்லும் பொதுப்பெயர்களை உலக சுகாதார நிறுவனம் 1953 முதல் வெளியிட்டு வருகின்றது. கம்பெனிப் பெயர் நாட்டுக்கு நாடு மாறும். பொதுப்பெயர் பெரும்பாலும் மாறாது.

மருந்து கிட்டாத இடத்தில், கண்டதை உண்டு பார்ப்போரும், பிறர் மாத்திரையைக் கடன் வாங்குவோரும் உளர். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் ஷாங்காய் நகரில் இன்சுலின் அருகியபோது, ஈவா சாக்ஸல் என்னும் பெண்மணியும் அவர் கணவர் விக்டரும் எருமையின் கணையத்தினின்று அதனைத் தாமே வடித்தனர். உயிர் ஊசலாடிய அந்நிலையிலும் மருத்துவ நூலைத் துணைக்கொண்டு, முயல்களிடம் சோதித்த பின்னரே அப்பெண்மணி அதனைத் தம் உடலில் ஏற்றிக்கொண்டார். அவர்க்கு இருந்த பொறுமை நமக்கும் வேண்டும்.

ஆதலின் பயணம் புறப்படுவோர் மருந்தின் பொதுப்பெயரும் அளவும் குறித்த சீட்டினை வைத்தியர் கையொப்பத்துடன் பெறுக. ஒரு படி கைப்பையில் இருக்க. மற்றொரு படி வீட்டில் இருக்க. ஒப்பந்தக் காலத்திற்கு மேலும் சில திங்களுக்கு மருந்து கொள்க. அதனை அட்டையோடு கைப்பையில் வைக்க. வலி மாத்திரை, தூக்க மாத்திரை சிலவற்றிற்கு ஐக்கிய அரபு நாடு முதலியவை முன்னனுமதி கோருகின்றன. அதனை முன்னரே விசாரித்தறிக. இன்சுலினும் வலிப்பு நோய் மருந்தும் திடீரென நிறுத்தின் உயிர்க்கே இடர். ஆகவே மருந்து தீர்ந்தபின் சொல்லாது, தீர்வதற்கு ஒரு திங்கள் முன்னரே கப்பல் தலைவர்க்கோ வேலை கொடுத்தோர்க்கோ சொல்லுக.

அடுத்த கூட்டத்திற்கு வருவோர் தத்தம் வீட்டு மாத்திரை அட்டைகளைக் கொணர்க. பொதுப்பெயரைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதித் தருவோம். வைத்தியரிடம் காட்டிச் சரிபார்த்துக் கொள்க.