பெயரை முதலிற் கூறுபவர்

ஆகாய விமானம் புறப்படும் வேளையில் ஒலிபெருக்கியில் ஒரு குரல் எழும். விமானத்தைச் செலுத்தும் தலைமை விமானி இன்னார், பயணிகளைக் கவனிக்கும் பணியாளர் குழுவின் தலைவர் இன்னார் என அக்குரல் பெயர் கூறி வரவேற்கும். இருக்கைப் பட்டியை மாட்டுவதில் முனைந்திருக்கும் பயணிகளுட் பெரும்பாலார் அதனைச் செவிமடுப்பதில்லை. எனினும், அச்சிறு வழக்கத்தினுள் ஆழ்ந்து நோக்கத்தக்க பண்பொன்று அடங்கியுள்ளது.

வன்னிக் கிராமங்களிற் புதியவர் ஒருவரைக் கண்டால், “தம்பி எந்த ஊர்? ஆருடைய பிள்ளை?” என்றே முதியோர் வினவுவர். பெயர் பின்னரே வரும். அவ்வினா உறவை நாடும் வினா. போர்க்காலத்திலோ வேறுவகை வினாவொன்றை அம்மக்கள் அறிந்தனர். 2002 இல் ஏ9 வீதி திறக்கப்பட்டபோது, ஓமந்தையைக் கடந்தோர் அடையாள அட்டையை நீட்டி, பெயரும் ஊரும் செல்லுமிடமும் உரைத்தே சென்றனர். வினவியவர் தம் பெயரைக் கூறும் வழக்கம் அங்கில்லை. அச்சோதனைச் சாவடி 2015 இல் அகற்றப்பட்டது. ஆயினும், பெயரைக் கேட்பவர் உயர்ந்தவர், சொல்பவர் தாழ்ந்தவர் என்னும் எண்ணம் அலுவலக மேசைகளில் இன்னும் முற்றாக நீங்கவில்லை.

விமானத்தில் இம்முறை தலைகீழாகின்றது. பலருடைய உயிரைத் தம் கையிற் கொண்டிருப்பவரே முதலில் தம்மை அறிவிக்கின்றார். “இப்பயணத்திற்குப் பொறுப்பாளி யான்” என்பதே அவ்வறிவிப்பின் உட்பொருள்.

பெயரறிதல் பணியாளருக்கிடையேயும் வேண்டப்படுவதாகும். 1977 மார்ச் 27 ஆந் திகதி, கனேரித் தீவுகளில் ஒன்றான தெனரீபில் இரு பெரும் விமானங்கள் ஓடுபாதையில் மோதி 583 பேர் மாண்டனர். மற்றைய விமானம் பாதையை விட்டு நீங்கியதா என ஒரு விமானத்தின் பொறியியலாளர் ஐயுற்று வினவினார். தலைமை விமானி அவ்வையத்தைப் பொருட்படுத்தவில்லை. இத்தகைய விபத்துக்கள் தந்த பாடத்தால், இளையோர் அஞ்சாது பேசவும் மூத்தோர் செவிகொடுக்கவும் பயிற்றும் முறை 1979 முதல் உருவாயிற்று. பெரிய நிறுவனங்களில் ஒரு பயணத்திற்கெனக் கூடுவோர் பலர் முன்பின் அறியாதவர். ஆதலின், புறப்படுமுன் தம்முள் அறிமுகமாதல் இன்றியமையாதது. பெயர் தெரியாதவரை இடித்துரைப்பது எளிதன்று.

1989 யூலை 19 ஆந் திகதி, அமெரிக்க வானில் ஒரு விமானத்தின் வாற்பகுதி இயந்திரம் வெடித்து, அதனைத் திருப்பும் சாதனங்கள் யாவும் செயலிழந்தன. பயணியாக வந்திருந்த விமானப் பயிற்றுநர் டெனி ஃபிட்ச் உதவிக்கு முன்வந்தார். சாவு எதிர்நிற்கும் அவ்வேளையிலும், தலைமை விமானி அல் ஹெய்ன்ஸும் அவரும் பெயர் கூறி அறிமுகமாகிக்கொண்டனர். விமானம் சூ நகரில் விழுந்து நொறுங்கியது; 296 பேரில் 184 பேர் உயிர்தப்பினர். பெயரே அவர்களைக் காத்தது எனல் மிகையாகும். ஒருவரையொருவர் மதித்து இணைந்து உழைத்த குழுவின் பண்பை அது காட்டுகின்றது.

இந்நெறி வைத்தியசாலைக்கும் உரியது. 2008 இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட சத்திரசிகிச்சைப் பாதுகாப்புப் பட்டியல், கத்தி படுமுன் குழுவினர் அனைவரும் தத்தம் பெயரையும் பணியையும் கூறுதல் வேண்டும் என்கின்றது.

இந்நாட்டிற் பெயர் ஒருவரின் இனத்தையும் சமயத்தையும் காட்டிவிடும். ஆதலாற் பெயரை மறைத்து வாழ நேர்ந்தோரும் உளர். ஆயினும், விமானியின் பெயர் சிங்களப் பெயராயினும், தமிழ்ப் பெயராயினும், முஸ்லிம் பெயராயினும், அது கேட்டு எழுந்து இறங்குவார் இலர். அவர்தம் திறமையை நம்பி யாவரும் அமர்ந்திருக்கின்றனர். பெயரை அறிந்தும் வேற்றுமை பாராட்டாத அந்நம்பிக்கை நிலத்திலும் வேண்டப்படுகின்றது.

பலாலியில் 2019 இற் சர்வதேச விமான நிலையம் திறக்கப்பட்டபின், வன்னி மக்களுக்கும் வான்பயணம் சற்று அண்மையில் வந்துள்ளது. ஆயினும், அவர்கள் நாடோறும் செல்வது கச்சேரிக்கும் வைத்தியசாலைக்கும் பாடசாலைக்குமே. முல்லைத்தீவிலிருந்து காணி உறுதிக்காக அலையும் மூதாட்டியிடம், “அம்மா, என் பெயர் இது, உங்கள் விடயத்தைக் கவனிப்பவன் நான்” என ஓர் அலுவலர் கூறுவாராயின், அவருக்கு அதனால் ஒரு சதமும் செலவாகாது. மறுமுறை வரும்போது யாரைக் கேட்பதென்று அம்மூதாட்டிக்குத் தெரிந்திருக்கும்.