இருதய மருந்து மூளையைக் காக்குமா?

புதுச்சேரியிலிருந்து மரக்காணத்து உப்பளங்களை நோக்கிச் செல்லும் கிழக்குக் கடற்கரைச் சாலையில், எங்கள் பொம்மையார்பாளையம் அமைந்துள்ளது. தலைக்கவசம் அணியாமல் மோட்டார் சைக்கிளில் விரைந்து, விழுந்து, நினைவிழந்து கிடந்த இளைஞர் பலரை இச்சாலையில் கண்டிருக்கிறேன். அவர்களுள் ஒருவனுடைய தந்தை என் பழைய மாணவர். "ஐயா, நெஞ்சு வலிக்குத் தரும் மாத்திரை அடிபட்ட மூளையையும் காக்குமாமே! அதை ஏன் தருவதில்லை?" என்று அவர் வினவினார்.

நியாயமான வினாவே. அம்மருந்தின் பெயர் புரோப்ரனலால். 1960-களில் அதனை உருவாக்கிய ஸ்காட்லாந்து அறிஞர் ஜேம்ஸ் பிளாக், 1988-இல் நோபெல் பரிசு பெற்றார். அட்ரினலின் என்னும் சுரப்புநீர் இருதயத்தை விரட்டாதபடி தடுப்பதே இதன் தொழில். தலையில் பலத்த அடி பட்டால் அச்சுரப்பு உடலில் வெள்ளமாய்ப் பெருகுகிறது, நாடி விரைகிறது, இரத்த அழுத்தம் ஏறுகிறது, காயமுற்ற மூளையின் பிராணவாயுத் தேவையும் மிகுகிறது. அவ்வெள்ளத்துக்கு அணையிட்டால் மூளை பிழைக்கும் என்பது மருத்துவர்தம் எண்ணம். மருத்துவமனைப் பதிவேடுகளைப் புரட்டியவர்கள், இவ்வகை மருந்து பெற்றோரிடையே மரணம் குறைந்திருக்கக் கண்டனர்.

இங்கேதான் நாம் விழித்துக்கொள்ள வேண்டும். ஆண்டிறுதி வரை பள்ளிக்கு வந்தவர்க்கெல்லாம் ஒரு பேனாவைப் பரிசளித்துவிட்டு, "பேனா பெற்றவருள் ஒருவர்கூட இடையில் நின்றுவிடவில்லை, எல்லாம் பேனாவின் மகிமை!" என்று ஒரு தலைமையாசிரியர் கூறினால் சிரிக்கமாட்டீர்களா? முதல் நாளே இறந்தவர் இம்மருந்தைப் பெற்றிருக்க இயலாது. இரத்த அழுத்தம் வீழ்ந்து கிடப்பவர்க்கு இதனைக் கொடுக்கவும் மாட்டார்கள். கொடுத்தால் மூளைக்குச் செல்லும் குருதி மேலும் குன்றும். ஆகவே, மருந்து பெற்றவர் முன்னரே பிழைக்கும் நிலையில் இருந்தவராகவும் இருக்கலாம்.

இதற்கு ஒரே வழி சீட்டுக் குலுக்கல். ஒரு பாதியினர்க்கு மருந்து, மறுபாதியினர்க்கு வெற்று மருந்து. யாருக்கு எது என்பதைச் சீட்டே தீர்மானிக்கும். கொடுமையாகத் தோன்றுகிறதல்லவா? ஆனால் கேளுங்கள். தலைக்காயத்துக்கு ஸ்டீராய்டு மருந்தை முப்பதாண்டுகளுக்கும் மேலாக நம்பிக்கையோடு கொடுத்து வந்தனர். 'கிராஷ்' என்னும் சோதனையில், 49 நாடுகளில் 10,008 பேரிடம் அதனைச் சீட்டுப்படி சோதித்தனர். முடிவு 2004-இல் வெளியாயிற்று. இரண்டு வாரத்துக்குள் இறந்தோர், வெற்று மருந்து பெற்றவருள் நூற்றுக்கு 17.9, ஸ்டீராய்டு பெற்றவருள் 21.1! காப்பதாக நம்பிய மருந்தே உயிர் குடித்திருக்கிறது. நல்லெண்ணத்தால் மட்டும் இதனை ஒருவரும் கண்டுபிடித்திருக்க முடியாது.

புரோப்ரனலாலுக்கும் இத்தகைய சோதனை தொடங்கியாயிற்று. ஈரானில் 200-க்குச் சற்று மேற்பட்டோரிடம் நடந்த ஒன்று 2020-இல் வெளிவந்தது. முடிவு நம்பிக்கை தருவதே. எனினும் பத்தாயிரத்துக்கு முன் இருநூறு எம்மட்டு? எண்ணிக்கை சிறிதாயின் தற்செயலும் மருந்தைப்போல் வேடமிடும்.

நினைவிழந்தவன் சம்மதம் தர இயலாதாகையால், தந்தையோ மனைவியோ கையொப்பமிட வேண்டும். எழுதப்படிக்கத் தெரியாதவருக்கு நடுநிலைச் சாட்சி ஒருவர் முன்னிலையில் படித்து விளக்க வேண்டும். சோதனையால் தீங்கு நேர்ந்தால் இலவச மருத்துவமும் இழப்பீடும் உண்டென 2019-ஆம் ஆண்டு விதிகள் கூறுகின்றன. இத்தனையும் கேட்ட பிறகு, என் பேரனுக்காயின் நான் கையொப்பமிடுவேன். கை நடுங்கத்தான் செய்யும்.